கிளவுட் நோட்புக்கில் ஜிபியு முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

பிரௌசரில் பைதான் நிரல் ஓட்டும் வாடகை நோட்புக்கில் ஜிபியு (கனமான கணக்குகளைச் செய்யும் கார்டு) வேலை செய்யவில்லை என்று கேட்டு வருகிறவர்களில் பலர், வருவதற்கு முன்பே டிரைவரை (இயங்குதளத்தை அந்தக் கார்டோடு பேசவைக்கும் மென்பொருள்) ஒருமுறை மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்திருப்பார்கள். ஒரு கோளாறாக இருந்தது அதற்குள் இரண்டாகியிருக்கும். கிளவுட் நோட்புக்கைப் பொறுத்தவரை டிரைவர் கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். பல நேரம் அது கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்காது.

இதில் இரண்டு வகை உண்டு. கோலாப், காகிள் போன்றவற்றில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு கன்டெய்னர், அதாவது அவர்களுடைய மெஷினுக்குள் தனியாக அடைத்த ஒரு சூழல். டிரைவர் அதற்கு வெளியே, அவர்களுடைய மெஷினில் இருக்கிறது. உள்ளே நீங்கள் ரூட்டாகவே (முழு அனுமதி உள்ளவராகவே) இருந்தாலும் அதை மாற்ற முடியாது. இரண்டாவது, நீங்களே ஒரு வெர்ச்சுவல் மெஷின் (விஎம்) எடுத்து அதில் ஜூபிட்டர் என்ற நோட்புக் மென்பொருளைப் போட்டுக்கொள்வது. அங்கே டிரைவர் உங்கள் பொறுப்பு. உங்களுடையது எது என்று குழப்பமாக இருந்தால், மெஷினை ரீபூட் செய்யும் பொத்தான் உங்கள் கன்சோலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது வகை. கீழே இவற்றைக் 'கன்டெய்னர் வகை', 'சொந்த விஎம்' என்று குறிப்பிடுகிறேன்.

கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள். நோட்புக் செல்லுக்குள் அடிப்பதானால் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வேண்டும்.

## எதையும் தொடுவதற்கு முன்

மூன்று விஷயங்களைப் பார்த்து, வந்த பதிலை அப்படியே ஒரு இடத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை (கீழே எஸ்எம்ஐ) என்ன சொல்கிறது?
2. பைதானில் பைடார்ச் லைப்ரரியின் (கீழே டார்ச்) வெர்ஷன், அது எந்தக் குடாவுக்காகக் (ஜிபியுவில் கணக்குப் போட என்விடியா தரும் மென்பொருள்) கட்டப்பட்டது, 'குடா ஈஸ் அவைலபிள்' ட்ரூவா ஃபால்ஸா?
3. சிஸ் எக்ஸிகியூட்டபிள் எந்தப் பைதானின் பாதையைக் காட்டுகிறது?

முதலாவதே தோற்றால் கோளாறு மெஷினில் அல்லது கன்டெய்னரில். முதலாவது சரி, இரண்டாவது தவறு என்றால் உங்கள் பைதான் சூழலில். இரண்டும் சரியாக இருந்து ஓடும்போது மட்டும் விழுகிறதென்றால் உங்கள் நிரல் (கோடு), மெமரி, அல்லது அபூர்வமாக கார்டு.

எஸ்எம்ஐ அட்டவணையின் மேல் வலது மூலையில் 'குடா வெர்ஷன்' என்று ஓர் எண் இருக்கும். அது இன்ஸ்டால் ஆகியிருக்கும் குடா அல்ல, அந்த டிரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்ற எல்லை. அங்கே 12.4 என்றிருக்கும், என்விசிசி (குடா கம்பைலர்) 11.8 என்னும், டார்ச் 12.1 என்னும். மூன்றும் மூன்று எண் என்பதற்காகப் பதற வேண்டாம், இதில் ஒரு கோளாறும் இல்லை. டார்ச்சின் எண் மூலையில் உள்ள எண்ணைத் தாண்டாதவரை கவலையில்லை. இந்த எண்களைச் சமமாக்கப் போய் சூழலைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

## என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையே இல்லை என்கிறது

கன்டெய்னர் வகையில், நீங்கள் ஜிபியு இல்லாத சிபியு ரன்டைமில் இருக்கிறீர்கள். அமைப்பில் போய் ஜிபியுவுக்கு மாற்றுங்கள். மாற்றினால் செஷன் புதிதாகத் தொடங்கும், வேரியபிள்கள் போய்விடும், சேமிக்க வேண்டியதை முதலில் சேமியுங்கள். மாற்றவே விடவில்லை என்றால் உங்கள் ஒதுக்கீடு தீர்ந்திருக்கும், அதற்கு டிரைவர் பக்கம் மருந்து இல்லை.

சொந்த விஎம்மில், இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ அடித்து, என்விடியா என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஜிபியு இல்லாத வகை மெஷினை எடுத்திருக்கிறீர்கள். வருகிறது, ஆனால் எஸ்எம்ஐ இல்லை என்றால் டிரைவர் இன்னும் போடப்படவில்லை. வெறும் இயங்குதள இமேஜில் டிரைவர் பொதுவாக இருக்காது. கையால் போடுவதைவிட, கிளவுட் நிறுவனமே டிரைவரோடு தரும் டீப் லேர்னிங் இமேஜில் மெஷினைப் புதிதாக எழுப்புவது எளிது.

உங்கள் விஎம்முக்குள் நீங்களே டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறீர்கள், வெளியே எஸ்எம்ஐ வேலை செய்கிறது, உள்ளே இல்லை என்றால், ஓட்டும்போது 'ஜிபியுஸ் ஆல்' கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுத்தும் 'குட் நாட் செலக்ட் டிவைஸ் டிரைவர்' என்று வந்தால் என்விடியா கன்டெய்னர் டூல்கிட் இல்லை. அதைப் போட்டு டாக்கரை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

## எஸ்எம்ஐ இருக்கிறது, ஆனால் 'டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை' என்கிறது

சொந்த விஎம்மில் அடிக்கடி வருவது இது. பெரும்பாலும் ரீபூட்டுக்குப் பிறகு வரும். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தானாக அப்டேட் ஆகியிருக்கும், புதிய கெர்னலுக்கு என்விடியா மாட்யூல் (கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதி) கட்டப்பட்டிருக்காது.

முதலில் எல்எஸ்மாட் அடித்து என்விடியா மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மாட்ப்ரோப் என்விடியா கொடுங்கள். அது தரும் பதிலைப் பொறுத்து வழி பிரிகிறது.

மாட்யூல் கிடைக்கவில்லை என்றால்: யூநேமுக்குப் பின்னால் ஹைஃபனும் ஆரும் கொடுத்து, இப்போது ஓடும் கெர்னல் எது என்று பாருங்கள். மாட்யூல்களைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் கருவியில் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுத்தால் எந்தக் கெர்னலுக்கு மாட்யூல் கட்டியிருக்கிறது என்று தெரியும். இரண்டும் பொருந்தாது. ஓடும் கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பைப் போட்டுவிட்டு டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுங்கள். அவசரம் என்றால் பழைய கெர்னலிலேயே பூட் செய்து வேலையை முடித்துக்கொண்டு, பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

சாவி நிராகரிக்கப்பட்டது என்று வந்தால்: கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறது, மாட்யூலில் கையொப்பம் இல்லை. மோக்யூட்டில் கட்டளை இதை உறுதிசெய்யும். கையொப்பமிட்ட டிரைவர் தொகுப்பைப் போடுங்கள், அல்லது விஎம் அமைப்பில் செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். நிறுவனத்தின் மெஷின் என்றால் இரண்டாவதை நீங்களாகச் செய்யாமல் நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள்.

அப்படி ஒரு சாதனமே இல்லை என்று வந்தால்: எல்எஸ்பிசிஐயில் கார்டு தெரிகிறதா என்று மறுபடி பாருங்கள். தெரிகிறது என்றால் டிரைவர் வகை தவறாக இருக்கலாம். ஒரு கார்டைப் பல விஎம்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வகைகளுக்கு கிரிட் டிரைவர் வேண்டும், சாதாரண டேட்டாசென்டர் டிரைவர் ஏறாது. நேற்றுவரை தெரிந்த கார்டு இன்று எல்எஸ்பிசிஐயிலேயே இல்லை என்றால் அது வன்பொருள். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

டிரைவரைப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரே வழியில் போடுங்கள். ஆப்ட் (உபுண்டு, டெபியனின் இன்ஸ்டால் கருவி) மூலம் போட்டதன்மேல் என்விடியாவின் ரன் கோப்பை ஓட்டுவது, ரன் கோப்பால் போட்டதை ஆப்ட்டால் புதுப்பிப்பது, இரண்டும் அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோய் விடும்.

## 'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்'

சொந்த விஎம்மில் இதன் காரணம் அநேகமாக ஒன்றுதான். தானியங்கி அப்டேட் டிரைவர் லைப்ரரிகளைப் புதிதாக்கியிருக்கும். கெர்னலுக்குள் ஏறிய மாட்யூலோ இன்னும் பழையது. ப்ராக் அடைவில் டிரைவர், என்விடியா, வெர்ஷன் என்று போனால் ஏறியிருக்கும் மாட்யூலின் எண் கிடைக்கும். இன்ஸ்டால் ஆகியிருக்கும் தொகுப்பின் எண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் படும்.

தீர்வு ரீபூட். ஆனால் உடனே செய்துவிட வேண்டாம். எஸ்எம்ஐ இப்படி விழுந்துகிடக்கும்போதே, அப்டேட்டுக்கு முன் தொடங்கிய ட்ரெய்னிங் பின்னால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிராசஸ் பழைய லைப்ரரியை ஏற்கெனவே மெமரியில் ஏற்றி வைத்திருக்கிறது, மாட்யூலும் பழையது, இரண்டுக்கும் சண்டையில்லை. புதிதாகத் தொடங்கும் எதுவும்தான் விழும். ட்ரெய்னிங் லாக்கில் கடைசி வரிக்கு என்ன நேரம் என்று பாருங்கள். நகர்கிறது என்றால் செக்பாயின்ட் (இதுவரை ஓடியதைச் சேமிக்கும் கோப்பு) எழுதும்வரை காத்திருந்து, அப்புறம் ரீபூட் செய்யுங்கள். எஸ்எம்ஐ விழுந்ததைப் பார்த்த பதற்றத்தில் பல மணி நேர ஓட்டத்தைக் கொன்றுவிடுகிறவர்கள் உண்டு.

மறுபடி வராமலிருக்க, என்விடியா தொகுப்புகளையும் லினக்ஸ் கெர்னலையும் ஆப்ட்-மார்க் ஹோல்டு கொடுத்து நிறுத்திவையுங்கள். வசதியான நாளில் நீங்களே அப்டேட் செய்துகொள்ளலாம்.

கன்டெய்னர் வகையில் இதே செய்தி வந்தால், உள்ளே யாரோ ஆப்ட் மூலம் டிரைவர் அல்லது முழுக் குடா தொகுப்பைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ, இணையத்தில் கண்ட பத்து வரிக் கட்டளையை அப்படியே ஒட்டிய நீங்களாகவும் இருக்கலாம். அதைக் கழற்ற முயலாதீர்கள். ரன்டைமை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

## ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னரில் திடீரென்று 'அன்னோன் எரர்'

விஎம்மில் எஸ்எம்ஐ சரி, அதே மெஷினின் கன்டெய்னருக்குள் மட்டும் என்விஎம்எல் (எஸ்எம்ஐ பயன்படுத்தும் லைப்ரரி) அன்னோன் எரர். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, சில நாளில் மறுபடி வருகிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் 'டீமன்-ரீலோடு' நடக்கும்போது கன்டெய்னருக்குக் கொடுத்திருந்த சாதன அனுமதிகள் கழன்றுபோவதுதான் காரணம். ஏதாவது ஒரு தொகுப்பு அப்டேட் ஆனாலே அந்த ரீலோடு நடந்துவிடும். டாக்கர் அமைப்பில் சிகுரூப் டிரைவரை (இது ஜிபியு டிரைவர் அல்ல, கன்டெய்னரின் அனுமதிகளை நிர்வகிக்கும் முறை) சிகுரூப்எஃப்எஸ் என்று மாற்றலாம். இல்லையென்றால், கன்டெய்னரை ஓட்டும்போது டெவ் அடைவில் உள்ள என்விடியா சாதனக் கோப்புகளை ஒவ்வொன்றாக டிவைஸ் விருப்பத்தில் கொடுங்கள்.

## எஸ்எம்ஐ கார்டைக் காட்டுகிறது, பைடார்ச் ஃபால்ஸ் என்கிறது

டிரைவர் என்று சொல்லி வருகிற புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் வந்து நிற்கும். டிரைவருக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. செலவு குறைந்ததிலிருந்து போகலாம்.

தவறான பைதான். டெர்மினலில் பிப் மூலம் ஒரு சூழலில் டார்ச் போட்டிருப்பீர்கள், நோட்புக் கெர்னல் (லினக்ஸ் கெர்னல் அல்ல, உங்கள் செல்களை ஓட்டும் பிராசஸ்) இன்னொரு பைதானில் ஓடிக்கொண்டிருக்கும். சிஸ் எக்ஸிகியூட்டபிள் காட்டும் பாதையும் டெர்மினலில் விச் பைதான் காட்டும் பாதையும் ஒன்றா என்று பாருங்கள். செல்லுக்குள் இன்ஸ்டால் செய்யும்போது ஆச்சரியக்குறி பிப்புக்குப் பதில் சதவீதக்குறி பிப் போட்டால், ஓடும் கெர்னலின் சூழலிலேயே போகும்.

சிபியு பில்டு. டார்ச் வெர்ஷனின் வாலில் கூட்டல்குறியும் சிபியுவும் இருந்தாலோ, டார்ச்சின் குடா வெர்ஷன் 'நன்' (ஒன்றுமில்லை) என்று வந்தாலோ, அந்த டார்ச்சுக்கு ஜிபியு என்று ஒன்று இருப்பதே தெரியாது. எப்படி உள்ளே வந்தது என்று தேடினால் பெரும்பாலும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் வேறு ஏதோ ஒரு லைப்ரரி டார்ச்சை மாற்றிப் போட்டிருக்கும். கான்டாவில் இன்னொரு வழியும் உண்டு. ஜிபியு இல்லாத மெஷினில் சூழலை உருவாக்கினால், அங்கே குடா இல்லை என்று பார்த்து கான்டா தானாகவே சிபியு பில்டைத் தேர்ந்துவிடும். அந்தச் சூழலை ஜிபியு மெஷினுக்குக் கொண்டுவந்தாலும் அது சிபியு பில்டுதான். டார்ச்சைக் கழற்றிவிட்டு, குடா குறிப்பிட்ட இன்டெக்ஸிலிருந்து போட்டு, நோட்புக் கெர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் இம்போர்ட் மட்டும் மறுபடி கொடுத்தால் பழையதே நிற்கும்.

சூழல் மாறி. 'குடா விசிபிள் டிவைசஸ்' (இது மட்டும் பெரிய எழுத்தில்) காலியாகவோ மைனஸ் 1 என்றோ இருந்தால் எல்லாக் கார்டும் மறைந்துபோகும். யாரோ சிபியுவில் சோதிக்கப் போட்ட ஒரு வரி நோட்புக்கின் மேலே மறந்து கிடக்கும். அதை நீக்குவதோடு நிற்காமல் நோட்புக் கெர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். குடா தொடங்கிய பிறகு இந்த மாறியை மாற்றினால் பயனில்லை.

டிரைவர் பழையது. இது மட்டும்தான் உண்மையில் டிரைவர் சம்பந்தப்பட்டது. 'டிரைவர் மிகப் பழையது, கண்ட வெர்ஷன் 11040' என்பதுபோல் செய்தி வரும். 11040 என்றால் அந்த டிரைவர் குடா 11.4 வரை தாங்கும். 12020 என்றால் 12.2. லினக்ஸில் தோராயமான கணக்கு: குடா 11 குடும்பத்துக்கு டிரைவர் 450 வரிசையாவது வேண்டும், 12 குடும்பத்துக்கு 525, 13 குடும்பத்துக்கு 580. கன்டெய்னர் வகையில் டிரைவரை உயர்த்த முடியாது, டார்ச்சைப் பழைய குடா பில்டுக்கு இறக்குங்கள். சொந்த விஎம்மிலும் நான் முதலில் இதையே செய்வேன். டிரைவரை உயர்த்துவது அதற்கு அடுத்தது.

மிக் இயக்கத்தில் இருக்கிறது. ஏ100, எச்100 போன்ற கார்டுகளைத் துண்டுகளாகப் பிரிக்கும் வசதி அது. மிக்கை இயக்கிவிட்டுத் துண்டு எதையும் உருவாக்காமல் விட்டால், எஸ்எம்ஐயில் கார்டு தெரியும், குடாவுக்கு ஒன்றும் கிடைக்காது. எஸ்எம்ஐ அட்டவணையில் மிக் வரி 'எனேபிள்டு' என்றிருக்கிறதா பாருங்கள். பலர் பகிரும் மெஷின் என்றால் நிர்வாகியிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள், பக்கத்துத் துண்டில் இன்னொருவர் வேலை ஓடிக்கொண்டிருக்கலாம்.

பைடார்ச் போன்ற இன்னொரு லைப்ரரியான டென்சர்ஃப்ளோவில் இதே அறிகுறி காலிச் சாதனப் பட்டியலாக வரும். சில ஜிபியு லைப்ரரிகளைத் திறக்க முடியவில்லை என்ற வரி மேலே லாக்கில் புதைந்திருக்கும். பிப்பில் 'அண்ட்-குடா' சேர்த்து இன்ஸ்டால் செய்தால் தேவையான லைப்ரரிகளும் கூடவே வரும். ஜாக்ஸ் லைப்ரரி ஒரே ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு சிபியுவுக்கு இறங்கிவிடும், அதற்கும் குடா சேர்த்த இன்ஸ்டால்தான் தீர்வு.

## ட்ரூ என்கிறது, முதல் கணக்கிலேயே 'நோ கெர்னல் இமேஜ்' என்று விழுகிறது

இங்கே கெர்னல் என்பது ஜிபியுவில் ஓடும் சிறு நிரல். உங்கள் கார்டின் தலைமுறைக்கான கோடு அந்த டார்ச் பில்டில் இல்லை. டார்ச் குடாவின் 'கெட் ஆர்ச் லிஸ்ட்' எந்தெந்தத் தலைமுறைக்குக் கட்டியது என்று சொல்லும், 'கெட் டிவைஸ் கேபபிலிட்டி' உங்கள் கார்டின் எண்ணைச் சொல்லும். பி100 என்றால் 6.0, வி100 7.0, டி4 7.5, ஏ100 8.0, எல்4 8.9, எச்100 9.0. பழைய கார்டில் புது டார்ச் போட்டாலும் விழும், புதுக் கார்டில் பழைய டார்ச் போட்டாலும் விழும். கார்டுக்கு ஏற்ற பில்டைப் போடுங்கள். கார்டை மாற்றிக்கொள்ள முடிகிற இடம் என்றால் அதுவே சுலபம்.

## எரர் 802, 803, 804

802 என்றால் 'சிஸ்டம் இன்னும் தயாராகவில்லை'. எட்டு கார்டு என்விஸ்விட்ச்சில் இணைந்த பெரிய மெஷின்களில் ஃபேப்ரிக் மேனேஜர் என்ற சேவை ஓட வேண்டும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பாருங்கள். ஓடவில்லை என்றால் தொடங்குங்கள். தொடங்க மறுத்தால் அதன் வெர்ஷனும் டிரைவர் வெர்ஷனும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

803, 804 இரண்டுக்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியது, பழைய டிரைவரில் புதிய குடாவை ஓட்ட உதவும் குடா-காம்பாட் லைப்ரரி. கன்டெய்னர் இமேஜோடு வந்து எல்டி லைப்ரரி பாத்தில் (லைப்ரரிகளைத் தேடும் பாதை) உட்கார்ந்துகொண்டு, மெஷினின் உண்மையான டிரைவர் லைப்ரரியை மறைத்துவிடும். பாத்திலிருந்து அதை நீக்கிப் பாருங்கள்.

## 'அவுட் ஆஃப் மெமரி'

டிரைவர் கோளாறு அல்ல என்றாலும் டிரைவர் கோளாறாகவே புகார் வரும். எஸ்எம்ஐயில் மெமரி நிறைந்திருந்தால், வேறு நோட்புக் கெர்னல் பிடித்து வைத்திருக்கும். பிரௌசர் டேபை மூடினால் கெர்னல் சாவதில்லை. ஜூபிட்டரின் ரன்னிங் பட்டியலில் போய் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். டென்சர்ஃப்ளோ தொடக்கத்திலேயே கிட்டத்தட்ட முழுக் கார்டையும் எடுத்துக்கொள்ளும், 'மெமரி குரோத்' இயக்கினால் அடங்கும்.

ஒருமுறை மெமரி தீர்ந்து செல் விழுந்தபின், பேட்சைக் குறைத்தும் மறுபடி விழுகிறதா? விழுந்த எரரின் ட்ரேஸ்பேக்கை ஜூபிட்டர் பிடித்து வைத்திருக்கிறது. அதன் வழியே அந்த ஃபங்ஷனின் டென்சர்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, 'எம்ப்டி கேஷ்' அவற்றைத் தொடாது. நோட்புக் கெர்னலை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் குறைந்த பேட்சில் தொடங்குங்கள்.

டேட்டாலோடர் வொர்க்கர் 'பஸ் எரர்' என்று செத்தால் அது ஜிபியு மெமரியே அல்ல. டாக்கரின் ஷேர்டு மெமரி இயல்பாக 64 எம்பிதான். எஸ்எச்எம்-சைஸை உயர்த்துங்கள்.

## ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் விழுகிறது

'டிவைஸ்-சைடு அசர்ட்' என்று வந்தால் கோடு. பத்து வகுப்புக்கு 0 முதல் 9 வரைதான் லேபிள், உங்களிடம் 10 என்று ஒன்று இருக்கும். சிபியுவில் ஒரு பேட்ச் ஓட்டினால் எந்த வரி என்று தெளிவாகச் சொல்லும். இந்த எரர் ஒருமுறை வந்தபின் நோட்புக் கெர்னலை ரீஸ்டார்ட் செய்யும்வரை குடாவைத் தொடும் எல்லா வரியும் விழும், அதைப் பார்த்துத்தான் டிரைவர் போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

மற்றபடி சொந்த விஎம்மில் டிஎம்இஎஸ்ஜி கொடுத்து எக்ஸ்ஐடி (என்விடியா டிரைவர் பதியும் பிழை எண்) என்ற சொல்லைத் தேடுங்கள். 13, 31 என்றால் முதலில் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள். 48 என்றால் திருத்த முடியாத மெமரிப் பிழை. 79 என்றால் கார்டு பஸ்ஸிலிருந்தே கழன்றுவிட்டது. 48, 79 இரண்டும் நீங்கள் சரிசெய்யக்கூடியவை அல்ல.

## ஓடுகிறது, ஆனால் மெதுவாக

எஸ்எம்ஐயை ஒரு விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு ஜிபியு பயன்பாட்டைக் கவனியுங்கள். 0க்கும் 90க்கும் இடையே குதித்துக்கொண்டிருந்தால் கார்டு டேட்டாவுக்காகக் காத்திருக்கிறது. தொலைவில் உள்ள டிரைவை மவுன்ட் செய்து சின்னச் சின்னப் படங்களை ஒவ்வொன்றாக வாசிப்பதே வழக்கமான காரணம். லோக்கல் டிஸ்குக்கு நகலெடுங்கள். பயன்பாடு தொடர்ந்து 0 என்றால் மாடல் ஜிபியுவுக்கே போகவில்லை.

பயன்பாடு நிறைந்திருந்தும் மெதுவாக இருந்தால், எஸ்எம்ஐயில் பெர்ஃபார்மன்ஸ் விவரத்தைக் கேளுங்கள். மென்பொருள் மின்வரம்பு என்று காட்டினால் கடும் வேலையில் அது சாதாரணம். 'எச்டபிள்யூ ஸ்லோடவுன்', 'தெர்மல் ஸ்லோடவுன்' என்று காட்டினால் கிளவுட் நிறுவனத்திடம் டிக்கெட் (புகார்) போடுங்கள்.

## டிக்கெட் போட வேண்டிய கட்டம்

கார்டு எல்எஸ்பிசிஐயிலிருந்து மறைந்தால், எக்ஸ்ஐடி 48 அல்லது 79 வந்தால், வெப்பத்தால் வேகம் குறைந்தால், புதிதாக எழுப்பிய சுத்தமான இமேஜிலும் எஸ்எம்ஐ விழுந்தால், அதற்குமேல் நீங்கள் மெனக்கெடுவது வீண்.

முதலில் என்விடியா பக் ரிப்போர்ட் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஒரு சுருக்கக் கோப்பு வரும், அதை மெஷினுக்கு வெளியே நகலெடுங்கள். எஸ்எம்ஐக்குப் பின்னால் ஹைஃபனும் பெரிய எல்லும் கொடுத்தால் கார்டின் யுயுஐடி கிடைக்கும். அதோடு விஎம் அடையாள எண், எக்ஸ்ஐடி வரிகள், நேர மண்டலத்தோடு சம்பவ நேரம். இவை இருந்தால் முதல் நிலை ஆதரவு ஊழியர் 'ரீபூட் செய்து பார்த்தீர்களா' என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

அதன் பிறகே விஎம்மை முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள். ரீபூட் அதே கார்டில்தான் திரும்ப எழுப்பும். முழுதாக நிறுத்தித் தொடங்கினால் பொதுவாக வேறு மெஷினுக்குப் போகும், கோளாறும் போய்விடும். நிறுத்துவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை: மெஷினோடு வரும் தற்காலிக டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடும், தேவை அதிகமுள்ள கார்டு என்றால் மறுபடி தொடங்கும்போது இடமில்லை என்று கைவிரித்துவிடுவார்கள். புது மெஷினில் எல்லாம் சரியாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடிவிடாதீர்கள். பழுதான கார்டு இன்னும் அவர்களுடைய குவியலில்தான் இருக்கிறது, அடுத்த முறை தொடங்கும்போது உங்களுக்கே வரலாம்.